எழுத்தாணி முதல் தொடுதிரை வரை: ஒரு புள்ளியின் கதை



சங்க மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று நண்பர்கள் கேட்டார்கள். நான் பட்டம் பெற்ற புலவனல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக ஹைதராபாத் வந்து, பாத்திரக் கடை வைத்துக் காலம் தள்ளுபவன். கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. ஆகவே ராஜாக்கள் கதையை விட்டுவிட்டு, என் வீட்டு மேசைமேல் நடந்த ஒரு சிறு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

மகன் எனக்கு ஒரு டேப்லெட் கணினியும் அதற்கு ஒரு பேனாவும் வாங்கித் தந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதை எடுத்துத் திரையில் 'அமமா' என்று எழுதினாள். பள்ளியில் அவளுக்குத் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. தெலுங்கில் இரட்டிக்கும் மெய்யை அடியில் ஒத்தாகப் போடுவார்கள். தலையில் புள்ளி வைப்பது அவளுக்குப் புதிது. நான் புள்ளி வைத்துக் காட்டினேன். "இந்தப் பொட்டு எதுக்கு தாத்தா?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் பொட்டு இல்லாமலே எழுதினாள். கருவி தானாகவே 'அம்மா' என்று திருத்தி அச்செழுத்தில் காட்டிவிட்டது. "பாருங்க தாத்தா, கரெக்டாத்தான் எழுதியிருக்கேன்!" என்று குதித்தாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. என் பாட்டனார் வைத்துவிட்டுப் போன ஓலைச்சுவடியிலும் எழுத்துகள் இப்படித்தான், புள்ளியில்லாமல் நிற்கின்றன.

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது. எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி உண்டு என்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலிலும் அதே விதி. அவர் எங்கள் சமண முனிவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்! ஆனால் விதி நூலில் இருந்தது, ஓலையில் இல்லை. எழுத்தாணியின் கூர்முனையால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும், நார் வழியே கிழியவும் கிழியும். ஆகவே ஏடு எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி கிடையாது.

இதன் விளைவைப் பாருங்கள். புள்ளி போனதும் 'எரி', 'ஏரி' இரண்டும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். நெருப்பா நீர்நிலையா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போதாததற்குக் காலும் ரகரமும் ஒரே வடிவம். எனவே ஏடு படிக்கக் கண் மட்டும் போதாது, கேள்வி ஞானமும் வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், கும்பகோணத்துச் சைனர்களிடம் போய்ப் பொருளும் மரபும் கேட்டறிந்தார் என்பது தெரிந்த செய்தி. ஏட்டில் இல்லாததை அந்தக் குடும்பத்தார் நெஞ்சில் வைத்திருந்தார்கள். நாங்கள் சுருத பஞ்சமியன்று சுவடிகளை வைத்து வழிபடுவதுண்டு. சுவடியோடு அதைப் படிக்கத் தெரிந்தவரையும் சேர்த்தே வணங்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

பிறகு இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்து 'எ', 'ஏ' குழப்பத்தைத் தீர்த்தார். காகிதமும் அச்சும் பரவியபின் புள்ளி மெய்யெழுத்தின் தலையில் நிலையாக உட்கார்ந்தது. 1935இல் பெரியார் குடிஅரசில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் மாறின. நான் அப்போது பள்ளி முடித்திருந்தேன். ஆதலால் துதிக்கை வைத்த பழைய லை இன்றும் என் கையில் தானாக வந்து விழுகிறது.

இனி மின்னணுக் காலத்துக்கு வருவோம். நாம் குடியிருக்கும் பேட்டையின் பெயரே அதற்குச் சாட்சி. 1967இல் இங்கே ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்த விஞ்ஞானி அய்யகாரி சாம்பசிவ ராவ் பெயரால்தான் இது ஏ.எஸ்.ராவ் நகர். இந்தியாவில் உருவான டி.டி.சி.-12 கணினி 1969இல் வந்தது. அதைச் செய்த நிறுவனம் நம் ஈ.சி.ஐ.எல். தான்.

கணினியில் பேனாவால் எழுதும் முயற்சியும் ஏறக்குறைய அதே வயதுடையது. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தின் எழுதுபலகை 1964இல் வெளிவந்தது. நம் நாட்டில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கருவியை வடிவமைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் குச்சியால் தொட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். 2004இல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது, ஆனால் எதிர்பார்த்தபடி பரவவில்லை. 2011 அக்டோபரில் மாணவர்களுக்கான ஆகாஷ் டேப்லெட் வந்தது. அரசு கொடுத்த விலை ஏறத்தாழ 2,300 ரூபாய். அதன் முதல் தொகுதி நம் ஹைதராபாத்தில்தான் பொருத்தப்பட்டது. அதன் திரை அழுத்தத்தை அறியும் வகை, நகத்தால் அழுத்தினாலும் கேட்கும். இன்றைய திரைகள் விரலின் மின்தன்மையை உணர்பவை. அதனால்தான் சாதாரணக் குச்சியை வைத்தால் அவை கண்டுகொள்வதில்லை.

திரையில் எழுதினால் போதுமா? கருவிக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டாமா? பெங்களூரில் இருந்த எச்.பி. ஆய்வகத்தார் தமிழர் பலரின் கையெழுத்தைத் திரட்டினார்கள். 2006இல் அதை வைத்து உலக ஆய்வாளர்களுக்குப் போட்டியே நடந்தது. நம் 247 எழுத்தும், கிரந்த எழுத்துகளும் அதில் 156 வடிவங்களுக்குள் அடங்கின. கால், கொம்பு முதலியவற்றைத் தனித்தனியே பிரித்துக்கொண்டதால் இது முடிந்தது. 1978க்கு முந்திய ஒட்டெழுத்துகள் இருந்திருந்தால் இன்னும் ஏழு வடிவம் கூடியிருக்கும். புள்ளியை அவர்கள் பிரிக்கவில்லை. 'க' வேறு வடிவம், 'க்' வேறு வடிவம். ஓலை கைவிட்ட புள்ளிக்குக் கணினி முழு மரியாதை கொடுத்துவிட்டது!

என் அன்றாட அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் நாள்வழிக் குறிப்பை இப்போது பேனாவால் திரையில்தான் எழுதுகிறேன். ஏடு எழுதியவர்கள் இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் பள்ளம் வெட்டி எழுத்தாணியைத் தாங்கினார்களாம். எனக்கோ உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் கோடு கோடாய் இழுக்கிறது. ஒரு முறை கும்பகோணத்துப் பட்டறைக்குச் 'சொம்பு மூடி 60' என்று எழுதி அனுப்பினேன். கருவி அதை 'முடி' என்று வாசித்துவிட்டது. பட்டறைக்காரர் போன் போட்டு, "அண்ணாச்சி, முடி அறுபது எதுக்கு? திருப்பதியில கேட்டுப் பாருங்க" என்றார். பழைய லை எழுதினால் அதற்குப் புரிவதே இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம், காரணம் தவறு எனக்குத் தெரிகிறது. பேத்திக்கு? ஏடு படித்த பெரியவர்கள் இல்லாத புள்ளியைத் தம் அறிவால் நிரப்பினார்கள். இன்று அந்த வேலையைக் கருவி செய்கிறது, பிள்ளைக்குப் புள்ளி விட்டுப்போனதே தெரிவதில்லை. ஆங்கில எழுத்தில் 'தாத்தா' என்று தட்டினாலும் தமிழில் வந்துவிடுகிறது. வெளிமாநிலத்தில் பள்ளியும் தமிழ் கற்றுத் தராது, தெருப் பலகையும் தமிழில் இராது. ஏடு படிப்பவர் குறைந்த வீடுகளில் சுவடிகள் செல்லரித்துப் போனதை நான் கண்ணால் பார்த்தவன்.

அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். திருத்தும் வசதி இல்லாத வெறும் குறிப்புப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டேன். அவள் எழுதியது எழுதியபடியே நிற்கும். நாங்கள் சிறுவயதில் மணலில் விரலால் எழுதினோம், சிலேட்டில் பலப்பத்தால் எழுதினோம். அதே வேலைக்கு இந்தத் திரையும் ஆகும், ஆயிரம் முறை அழித்தாலும் தேயாது. ஞாயிறுதோறும் காலையில் பத்து வரி எழுதுகிறோம். முதல் வாரம் பதினேழு புள்ளி விட்டுப்போயிற்று. போன வாரம் மூன்று. நான் எழுதிய பழைய லையைப் பார்த்து, "தாத்தா, நீங்கதான் தப்பு" என்று திருத்தவும் தொடங்கிவிட்டாள்.

அன்பர்கள் தங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். டேப்லெட் இல்லாத வீட்டில் நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். அடுத்த ஆண்டு மலரில் நம் பிள்ளைகளின் கையெழுத்துக்கென்றே இரண்டு பக்கம் ஒதுக்கும்படி மலர்க்குழுவினரையும் கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்கோக்காமல், அவர்கள் வைத்த புள்ளியோடும் விட்ட புள்ளியோடும் அப்படியே வெளியிடுங்கள்.