இலங்கைச் சுற்றுலா விசா (இந்தியர்களுக்கு)

தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர்களுக்கு ஒரு காலத்தில் விசா தேவைப்படவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டது நோய்த்தடுப்புக்காக. இலங்கை விடுதலை பெற்றபின் இயற்றப்பட்ட குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாக்கு நீரிணை அயல்நாட்டு எல்லையானது அதன்பிறகே எனலாம்.

2012 ஜனவரி முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு இணையவழிப் பயண அனுமதி (இடிஏ) அறிமுகமானது. 2023 அக்டோபரில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டினருக்கு விசாக் கட்டணம் நீக்கப்பட்டது. குழப்பத்தின் வேர் இங்கே உள்ளது. 'இலவச விசா' என்றால் 'விசா வேண்டாம்' என்று பொருளல்ல. கட்டணம்தான் இல்லை, விண்ணப்பித்து அனுமதி பெற்றே ஆகவேண்டும்.

2024 ஏப்ரல் 17 அன்று விசா வழங்கும் பணி விஎஃப்எஸ் குளோபல் உள்ளிட்ட தனியார் கூட்டமைப்பிடம் சென்றது. இலவச விசா பெறுவோரும் சேவைக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. இலவசம் என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போயிற்று. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணி ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்த காணொளி பரவியது. எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் வழக்குத் தொடுத்தனர். ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் புதிய முறைக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆணையை நிறைவேற்றாத குடிவரவுத் துறைத் தலைவர் செப்டம்பர் 25 அன்று விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அடுத்த ஓரிரு நாட்களில் பழைய இடிஏ முறை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.