கரும்பலகையில் இரு வினாக்கள்

சிங்கப்பூரின் மேற்கிலுள்ள ஜூரோங், தொழிற்பேட்டை என்று பெயர் பெறுவதற்கு முன்னரே கல்விக்கு இடந்தந்த நிலமாகும். சீனமொழி வழியில் உயர்கல்வி தரும் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென 1953ஆம் ஆண்டில் டான் லார்க் சை முன்மொழிந்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஈந்தது. மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டிய ஏழை உழைப்பாளிகளும் 1954இல் தம் வருவாயை நிதிக்கு வழங்கினர். இவ்வாறு மக்கள் கொடையால் எழுந்த நன்யாங் பல்கலைக்கழகத்தில் 1956இல் வகுப்புகள் தொடங்கின.

அக்காலத்துச் சீனப்பள்ளி மாணவருலகம் அமைதியாக இருக்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் கட்டாயப் படைப்பணிப் பதிவை எதிர்த்து 1954 மே 13ஆம் நாள் மாணவர் திரண்டனர். காவலருடன் மோதல் மூண்டது. அந்நிகழ்ச்சியைச் சூ கெங் குவாங் மரச்செதுக்கு ஓவியமாக்கினார். மரப்பலகை, செதுக்குளி, மை ஆகிய மூன்றும் இருந்தாற் போதும்; ஒரே பலகையிலிருந்து படிகள் பல எடுக்கலாம். பொருள் வளம் குன்றிய இளைஞர்க்கு இக்கலை ஏற்ற கருவியாயிற்று. சீன நாட்டில் 1930களில் லூ சுன் ஊக்குவித்த மரச்செதுக்கு இயக்கம் இவர்களுக்கு முன்மாதிரியாக விளங்கியது.

1938இல் லிம் ஹாக் டாய் நிறுவிய நன்யாங் நுண்கலைக் கழகம் இத்தலைமுறை ஓவியர் பலரைப் பயிற்றுவித்தது. அங்குப் பயின்றவருள் ஒருவர் சுவா மியா டீ. 1956இல் தோன்றிய பூமத்தியரேகை ஓவியர் சங்கத்தோடு தொடர்புடைய இவர், 1959இல் ‘தேசிய மொழி வகுப்பு’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. வட்ட மேசையைச் சுற்றிச் சீன இளைஞர் அமர்ந்து மலாய் கற்கின்றனர். கரும்பலகையில் இரண்டு வினாக்கள் உள்ளன: உன் பெயர் என்ன? நீ எங்கே வாழ்கிறாய்?

எளிய பாடநூல் வினாக்களே இவை. எனினும் ஓவியத்தின் உயிர் இவற்றிலேயே உள்ளது. முதல் வினா தனிமனிதனை நோக்கியது; இரண்டாவது அவன் வாழும் சமுதாயத்தை நோக்கியது. பிறிதொரு மொழியைக் கற்கும் அவ்விளைஞர், தம் பெயரை இழக்காமலே புதிய நாட்டுக்கு உரியவராக முயல்கின்றனர். தன்னுணர்வும் சமுதாய உணர்வும் பகையல்ல என்பதை இவ்வோவியம் ஆரவாரமின்றி உணர்த்துகிறது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவ்வினாக்களுக்கு வேறொரு விடை கிடைத்தது. நுண்கலைக் கழகத்தில் பயின்ற எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகிய மூவரும் 1988இல் ‘திரிமூர்த்தி’ என்னும் காட்சியைக் கூட்டாக நடத்தினர். இந்தியர், சீனர், மலாய்க்காரர் என்னும் மூவினத்தவரும் ஒரே கூடத்தில் தத்தம் மரபிலிருந்து படைத்தனர். மேலைக் கலைப்போக்குகளை அப்படியே பின்பற்றாமல், படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தொழிற் கருத்தை அவர்கள் பொதுத்தளமாகக் கொண்டனர். ஓர் இந்திய மரபுச் சொல் மூவர்க்கும் பொதுப்பெயரானமை எண்ணத்தக்கது.

ஜூரோங்கின் கதையும் இடையில் மாறியது. நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. அந்நிலத்தில் 1981இல் தொழில்நுட்பக் கழகம் தோன்றி, 1991இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 2005இல் அங்குக் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி தொடங்கப்பெற்றது. புல் போர்த்த வளைந்த கூரையுடைய அதன் கட்டடத்தில், முன்னோர் உளியாற் சொன்னதை மாணவர் ஒளிப்படத்தாலும் அசைவூட்டத்தாலும் சொல்லப் பயில்கின்றனர்.

கருவிகள் மாறின, ஆட்சிகள் மாறின, அந்நிலத்துக் கல்வியின் மொழியும் மாறியது. கரும்பலகை வினாக்கள் மட்டும் மாறவில்லை. தமிழ் வகுப்பில் முதல்நாள் ஆசிரியர் கேட்பனவும் அவையே. பெயரையும் ஊரையும் சொல்வதோடு மாணவன் நின்றுவிட்டால் அது மொழிப்பயிற்சி; தான் யார், தன்னைச் சுற்றி வாழ்வோர் யார் என்று எண்ணத் தொடங்கினால் அதுவே கல்வி.