ஆரோக்கியப்பச்சையைக் கண்டது யார்?

கேரளத்தில் விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் காடுகளும் தெற்கே அகத்தியமலைக் காடுகளும் காணிப் பழங்குடியினர் வாழும் நிலம். 1987 டிசம்பரில் அகத்தியமலைக்குத் தாவர ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள் சோர்ந்துபோனார்கள். வழிகாட்டிகளான மல்லன் காணியும் குட்டிமாத்தன் காணியும் ஏதோ ஒரு காயைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். கேட்டபோது தயங்கினார்கள், பிறகே ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியைக் காட்டினார்கள். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் ஏழாண்டு உரிமம் தந்தது. அந்த வருவாயில் பாதி காணிகளுக்கு என முடிவாகி, 1997இல் அவர்களுக்கான அறக்கட்டளை பதிவானது. 1992இன் பல்லுயிர் உடன்படிக்கை பேசிய பயன்பகிர்வுக்கு முன்மாதிரியாக உலகம் இதைக் கொண்டாடியது. ஆனால் பங்கிடப்பட்டது பணம் மட்டுமே. காப்புரிமை விண்ணப்பங்களில் கண்டுபிடிப்பாளர்களாக நின்றவர்கள் அறிவியலாளர்கள்தாம். பணத்தில் பாதி கொடுத்தது, பெயரில் பங்கு கொடுத்ததாகிவிடாது.

காணிகள் தின்றது காயை. இலையில் மருந்துப் பொருளைக் கண்டதும் சோதித்ததும் பிற மூலிகைகளைச் சேர்த்ததும் ஆய்வகம்தானே என்று கேட்கலாம். அந்த உழைப்பு மெய்யானது, அதற்குரிய புகழ் ஆய்வாளர்களுடையதே. ஆனால் ஆயிரக்கணக்கான செடிகளுள் இதைச் சோதிக்க வேண்டும் என்ற அறிவு ஆய்வகத்தில் பிறக்கவில்லை. அறிவு தொடங்கிய இடத்தை மறக்காத வழக்கம் மென்பொருளில் உண்டு. பழைய விளையாட்டு இயந்திரங்களைக் கணினியில் இயங்கவைக்கும் ‘மேம்’ எமுலேட்டரில், ஒவ்வொரு மூலநிரல் கோப்பின் தலையிலும் அதை எழுதியோர் பெயர் நிற்கிறது. புதிய வசதி சேர்ப்பவர் பழைய பெயர்களை அழிப்பதில்லை. மருந்துக்கும் அந்த நெறி பொருந்தும்.

சமூகத்தின் பொது அறிவுக்கு யார் பெயரை எழுதுவது என்ற கேள்வி இன்னும் கடினமானது. விதுராப் பகுதியைச் சேர்ந்த ‘பிலாத்தி’ எனும் காணி வைத்தியர்கள், தங்கள் அறிவு தனியாருக்கு விற்கப்படுவதை எதிர்த்து 1995இல் கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். வழிகாட்டிகள் சொன்னது சமூகம் முழுவதன் ஒப்புதல் ஆகாது என்பதே அந்தக் கடிதத்தின் பொருள். ஆகவே சொன்னவர் பெயரும் வேண்டும், சமூகத்தின் பெயரும் வேண்டும். பெயர் எழுதும் முன் வைத்தியர்களின் சம்மதமும் வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் உயிர்ப்பொருள் கிடைத்த இடத்தை விண்ணப்பத்தில் குறிப்பிடச் சொல்கிறது. அதன் பயனை அறிவித்தவர் யாரென்று கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியையும் சட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.