வியர்வையும் உடற் பருமனும்

அடுப்பிலே நெய் உருகுவதைக் கண்ட மனிதன், உடலில் வியர்வை வழிவதைக் கண்டதும், உள்ளேயிருக்கும் கொழுப்பும் அவ்வாறே உருகி வெளிவருகின்றது என்று எண்ணியது இயல்பே. அவ்வெண்ணம் இன்றும் மறைந்தபாடில்லை. பாடசாலைகளில் விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும் காலத்திலே, எங்கள் இலுப்பைக்கடவைப் பக்கத்திலும் இளைஞர் சிலர் மழையங்கியை இறுகப் பூட்டிக்கொண்டு உச்சி வெயிலில் ஓடுவதுண்டு. எவ்வளவு வியர்க்கின்றதோ அவ்வளவு கொழுப்புக் கரையும் என்பது அவர்தம் கணக்கு. இக்கணக்கு எங்கிருந்து வந்தது, எவ்வாறு பிழையென்று அறியப்பட்டது என்பதையே இன்று நேயர்களுடன் நோக்க விரும்புகின்றேன்.

பௌத்தர்களின் விநய பிடகத்திலே, சுள்ளவக்கம் என்னும் பகுதியில் ஒரு செய்தி வருகின்றது. வைசாலி நகரத்து மக்கள் பிக்குகளுக்குச் சுவையான உணவை வரிசையாக அளித்து வந்தனர். உண்ட பிக்குகளின் உடல்கள் தோஷங்கள் மிகுந்து நோய்வாய்ப்பட்டன. அதனைக் கண்ட மருத்துவர் சீவகர் (சிந்தாமணிச் சீவகன் வேறு, இவர் வேறு) புத்தரிடம் சென்று, பிக்குகளுக்கு இரண்டினை அனுமதிக்குமாறு வேண்டினார். ஒன்று, உலாவி நடப்பதற்கான நடைபாதை. மற்றொன்று, வியர்ப்பதற்கான வெந்நீர் மனை. இரண்டும் அனுமதிக்கப்பட்டன. எங்கள் தீவிலும், குருநாகல் மாவட்டத்து அரங்கெலே என்னும் பழைய வனவிகாரையின் சிதைவுகளிடையே நெடிய நடைபாதையையும் வெந்நீர் மனையையும் ஒருங்கே காணலாம். நடையும் வியர்வையும் இவ்வாறு ஒரே மருந்துச் சீட்டில் எழுதப்பட்டமையால், உடல் இளைத்தபோது எது இளைக்கச் செய்தது என்று பிரித்தறிய எவருக்கும் வழியில்லாது போயிற்று.

எவருக்கும் என்று சொல்வது முற்றும் பொருந்தாது. சரக சங்கிதையின் சூத்திரத்தானத்திலே 14ஆவது அத்தியாயம் வியர்ப்பித்தல் முறைகளைக் கூறுவது. நெருப்பின் துணைகொண்டு வியர்ப்பிக்கும் முறைகளாகப் பதின்மூன்றினை அது விரித்துரைக்கின்றது. ஆனால் எவரெவரை வியர்ப்பிக்கலாகாது என்று கூறுமிடத்தில், களைத்தவர், தாகமுற்றவர் முதலியோரோடு உடல் பருத்தவரையும் சேர்த்திருக்கின்றது! பருமனைப் பற்றிய 21ஆவது அத்தியாயமோ, மிகையான வியர்வையைப் பருத்தவர் படும் எட்டு இடர்களுள் ஒன்றாகக் கூறி, அவர்க்கு உடற்பயிற்சியை விதிக்கின்றது. பருத்தவர் ஏற்கெனவே மிகுதியாக வியர்ப்பவர். வியர்வைதான் கொழுப்பைக் கரைக்குமாயின் அவர் பருத்திருக்கவே முடியாது. இந்த எளிய தருக்கத்தை அந்நூல் வெளிப்படையாகச் சொல்லவில்லை. எனினும் அதன் விதிகள் அதற்கு இணங்கவே அமைந்துள்ளன.

மேனாட்டிலே வியர்வையை முதன்முதல் நிறுத்துப் பார்க்க முனைந்தவர் பாதுவாப் பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர் சன்ரோரியோ என்பவர். இவர் 1561 முதல் 1636 வரை வாழ்ந்தவர். பெரியதொரு தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் தாமே அமர்ந்து, உண்டது, குடித்தது, கழித்தது யாவற்றையும் பல ஆண்டுகள் நிறுத்தார். 1614இல் வெளியிட்ட நூலிலே, ஒரு நாளில் எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்கொண்டால், அதில் ஐந்து இறாத்தல் கண்ணுக்குப் புலப்படாமலே உடலை விட்டு நீங்குகின்றது என்றார். தோலின் வழியாகச் செல்வதையும் மூச்சின் வழியாகச் செல்வதையும் அவருடைய தராசு பிரித்துக் காட்டவில்லை. அந்த ஐந்து இறாத்தலில் நீர் எவ்வளவு, உடலின் பொருள் எவ்வளவு என்பதும் தெரியவில்லை.

தராசு கூறுவதை அப்படியே நம்பியவர் பலர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் குத்துச்சண்டை வீரரும் நெடுநடைப் போட்டியாளரும், தடித்த கம்பளி ஆடை உடுத்து நான்கு மைல் ஓடி, பின் சூடான பானம் அருந்தி, இறகு மெத்தைகளின் கீழ்க் கிடந்து வியர்த்தனர். இம்முறையிலே பெயர்பெற்றவர் கப்டன் பார்க்கிளே. அவர் 1809ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் நியூமார்க்கற் என்னுமிடத்தில், மணிக்கு ஒரு மைலாக, இடைவிடாது ஆயிரம் மணித்தியாலங்களில் ஆயிரம் மைல் நடந்து முடித்தார். தொடங்கும்போது 186 இறாத்தலாக இருந்த அவரது நிறை, முடிவில் 154 ஆயிற்று. ஆறு வாரங்கள், இரவு பகலாக, நாளொன்றுக்கு இருபத்துநான்கு மைல்! குறைந்த 32 இறாத்தலிற் பெரும்பங்கு அந்த நடைக்கே உரியது என்பது என் கருத்து. ஆனால் பயிற்சிக் கூடங்கள் எடுத்துக்கொண்டது கம்பளி ஆடையைத்தான்.

வியர்வையின் உண்மையான தொழில் இதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. இலண்டன் மருத்துவர் சார்ள்சு பிளாக்டன் 1774இல் நண்பர்களுடன், கொதிநீரிலும் சூடேறிய அறையொன்றினுட் புகுந்தார். மேசையில் வைத்த மாட்டிறைச்சி வெந்துபோயிற்று. உள்ளே சென்ற மனிதர் நலமாக வெளிவந்தனர். வியர்வை ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து சென்று உடலைக் குளிரச் செய்வதே இதற்குப் பெருங் காரணம். மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே.

நீரையும் மூச்சையும் பிரித்தவர் பிரான்சின் இலவோசியர். அவருக்கு உதவியாளராயும் பரிசோதனைப் பொருளாயும் அமைந்தவர் செகுவின். காற்றுப் புகாத பட்டுத்துணிப் பையொன்றினுள் செகுவினை முழுமையாகப் புகுத்தி, அதன் வாயை அவருடைய உதடுகளைச் சுற்றி ஒட்டி, மூச்சு மட்டும் வெளியே செல்லுமாறு அமைத்து, பையுடனும் பையின்றியும் நிறுத்தனர். தோல் இழப்பது வேறாகவும் மூச்சு இழப்பது வேறாகவும் கணக்கிடப்பட்டன. செகுவின் காலால் பாரந் தூக்கியபோது அவர் உள்ளிழுத்த ஒட்சிசன் மிகுந்தது என்பதையும் அவர்கள் அளந்தறிந்தனர். விளக்கில் எண்ணெய் எரிவது போல உடலில் உணவு எரிகின்றது என்றார் இலவோசியர். 1794 மே 8ஆந் திகதி புரட்சியாளர் அவரது தலையைக் கொய்தனர்.

எரிந்த எண்ணெய் எங்கே போகின்றது? விளக்கின் அடியில் வடிவதில்லையே. காற்றோடு அல்லவா கலக்கின்றது. கொழுப்பும் அவ்வாறே. 2014இல் அவுஸ்திரேலியரான மீர்மன், பிரவுண் என்னும் இருவர் இக்கணக்கைத் தெளிவாகப் போட்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். உடலில் 10 கிலோகிராம் கொழுப்பு முற்றாக எரிந்தால், அதில் 8.4 கிலோகிராம் காபனீரொட்சைட்டாக மூச்சில் வெளியேறும்; எஞ்சிய 1.6 கிலோகிராம் நீராகும். அந்நீர் சிறுநீரிலும் மூச்சிலும் வியர்வையிலும் கலந்து செல்லும். அவர்கள் வினவிய மருத்துவருட் பலருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

இங்கே கெட்டிக்கார மாணவன் ஒருவன் தடை எழுப்பலாம்: ஒரு லீற்றர் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டுமே, அது கொழுப்பிலிருந்து வந்ததன்றோ என்று. அன்று. அவ்வெப்பம் தசைகள் வேலை செய்ததாலோ வெயிலாலோ முன்னரே உடலில் சேர்ந்தது. வியர்வை அதனை வெளியே கொண்டுசெல்லும் வண்டி மட்டுமே. வெயிலில் சும்மா இருந்தாலும் வண்டி ஓடும்.

நெல் நிறுக்கும் தராசு எங்கள் ஊரில் எளிதாகக் கிடைப்பது. ஒருவர் வெயிலில் ஒரு மணித்தியாலம் விரைந்து நடந்துவிட்டு அதில் ஏறினால், ஒரு கிலோகிராம் வரையிற் குறைந்திருக்கக் காணலாம். அதில் கொழுப்பு எவ்வளவு? அந்த நடைக்குச் செலவாகும் சக்தி முழுவதும் கொழுப்பிலிருந்தே வந்ததாகக் கொண்டாலும், 40 கிராமுக்கு மேற் போகாது. எஞ்சியவை யாவும் நீரும் உப்பும். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். அந்த 40 கிராமோ, நாள்தோறும் நடப்பவருக்கு, மாதத்தில் ஒரு கிலோகிராமுக்கு மேலாகும். அதனைப் பெறுவதற்கு வியர்க்க வேண்டிய அவசியமில்லை. விடியற்காலையிற் காற்று வாங்கிக்கொண்டு நடந்தாலும் போதும்.

மழையங்கி இதில் எதனையும் கூட்டுவதில்லை. கடற்கரையோரத்து ஈரக்காற்றில் வியர்வை ஆவியாக மாட்டாது சொட்டிப் போகின்றது. சொட்டும் வியர்வை உடலைக் குளிரச் செய்வதில்லை. அங்கியோ, ஆவியாகும் சிறிதளவையும் அடைத்துவிடுகின்றது. உடல் வெப்பம் ஏறுகின்றது, குருதியில் நீர் குறைகின்றது, இதயம் தவிக்கின்றது. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், சில வாரங்களுக்குள்ளாக, கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் இவ்வாறு மாண்டனர். நிறைப் பிரிவுக்குள் அடங்குவதற்காக நீராகாரத்தைக் குறைத்து, நீராவி புகாத ஆடை அணிந்து, சூடான இடத்திற் பயிற்சி செய்தவர்கள் அவர்கள். 1998இல் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அத்தகைய ஆடைகளையும் வெப்ப அறைகளையும் தடைசெய்தது. நிறை பார்க்கும் நேரத்தையும் போட்டிக்கு மிகக் கிட்டியதாக மாற்றி அமைத்தது. வியர்த்து இழந்த நீரைக் குடித்து மீட்டுக்கொள்ள இடைவெளி இல்லாதபோது, அவ்வாறு இழக்க எவரும் துணியார் என்பதே அவ்விதியின் நோக்கம்.