அவசர உணவு, உறைவிடத் திட்டம்
பசித்தவருக்கும் வீடிழந்தவருக்கும் உதவும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி நிதித் திட்டம். வேலையின்மை மிகுந்திருந்த 1983இல் நாடாளுமன்றம் ஒதுக்கிய 5 கோடி டாலருடன் தொடங்கியது; 1987ஆம் ஆண்டின் மெக்கின்னி சட்டம் இதற்கு நிலையான சட்ட அடிப்படை தந்தது. கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையின் தலைமையிலான தேசிய வாரியத்தில் சால்வேஷன் ஆர்மி, யுனைடெட் வே முதலிய தொண்டமைப்புகள் இடம்பெற்றன.

வேலையின்மை, வறுமைப் புள்ளிவிவரங்களின்படி மாவட்டங்களுக்கு (கவுன்டி) நிதி பிரிக்கப்படும். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு என்பதை உள்ளூர் வாரியமே முடிவு செய்யும். வீடின்றி வாழ்பவர் அல்லது முன்பு அவ்வாறு வாழ்ந்தவர் ஒருவருக்கு அதில் இடமளிக்க வேண்டும் என்ற விதி இத்திட்டத்தின் ஆகச் சிறந்த கூறு; தேவையை அனுபவித்தவரின் குரல் பணம் பிரிக்கும் மேசையிலேயே ஒலிக்கிறது. சமைத்த உணவு, மளிகைப் பொருள்கள், தற்காலிகத் தங்குமிடம், வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றுக்குச் செலவிடலாம். ஒரு மாத வாடகையைக் கட்டிக் குடும்பத்தைத் தெருவுக்கு வராமல் காப்பது, வந்தபின் காப்பகத்தில் வைத்துப் பேணுவதைவிட மனிதத்தன்மையுள்ளது. நிறுவனங்கள் ஏற்கெனவே செய்துவரும் பணிக்கு இது கூடுதல் நிதியே. ஆண்டுதோறும் நாடாளுமன்ற ஒதுக்கீட்டைச் சார்ந்திருப்பது இதன் பெருங்குறை.