ஊர்த் திட்டமும் ஊரவர் குரலும்

ஒருவர் தம் காணியில் வீடு கட்டுகிறார். காணி அவருடையது; ஆயினும் அவ்வீட்டின் நிழல் அயலவர் முற்றத்திலே விழுகிறது. ஆகவே உள்ளூராட்சி மன்றம் தலையிட வேண்டியதாகிறது. எவ்விதியைக் கொண்டு தலையிடுவது? அவ்விதியை ஆக்குவோர் யார்? நேயர்களே, இவ்வினாக்களுக்கு இங்கிலாந்து படிப்படியாக விடை கண்ட வரலாறு அறியத்தக்கது.

கைத்தொழிற் புரட்சியின் பயனாக அந்நாட்டு நகரங்கள் ஒழுங்கின்றிப் பெருகின. நெருக்கமும் நோயும் மலிந்தன. 1909 ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாகக் கட்டிடங்கள் எழவிருந்த நிலங்களுக்குத் திட்டம் வகுக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களுக்கு முதன்முறையாக அளித்தது. பேர்மிங்காம் மாநகர சபை தன் மேற்குப் புறநகர்களுக்கு வகுத்த திட்டம் 1913 இல் அங்கீகாரம் பெற்றது. ஆனால், திட்டம் வகுப்பது அக்காலத்தில் கட்டாயமாக இருக்கவில்லை.

1947 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது. மன்றங்கள் தத்தம் பகுதியை ஆராய்ந்து திட்டம் வரைந்து, அமைச்சரின் அங்கீகாரத்துக்கு அனுப்பின. பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எனினும் திட்டம் எழுதி முடிந்த பின்னரே அவர்களுக்கு அவ்வாய்ப்புக் கிடைத்தது. முடிந்துபோன வரைபடத்தின் முன் எளியவர் சொல் எவ்வளவு தூரம் செல்லும்?

இக்குறையை நீக்க 1968 இல் புதுச் சட்டம் வந்தது. பரந்த கொள்கைகளை அமைச்சர் அங்கீகரிப்பார். தெருவையும் மனையையும் பற்றிய நுணுக்கமான திட்டங்களை மன்றமே நிறைவேற்றலாம். அதற்குமுன் மக்களுக்கு அறிவித்து அவர்கள் கருத்தைக் கேட்டல் வேண்டும். திட்டம் உருவாகும்போதே மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென, 1969 இல் ஸ்கெஃபிங்டன் குழுவின் அறிக்கை வற்புறுத்தியது.

2004 ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு காவலை வைத்தது. மன்றம் நகலை வெளியிட்டு, மக்களின் எழுத்து மூலமான கருத்துக்களைப் பெறும். பின்னர் சுயாதீனமான பரிசோதகர் ஒருவர் அதனை ஆராய்வார். அவர் தகாதெனக் கண்ட திட்டத்தை மன்றம் அவ்வாறே நிறைவேற்ற இயலாது. நிறைவேறிய திட்டமோ, பின்வரும் ஒவ்வொரு கட்டிட விண்ணப்பத்துக்கும் அளவுகோலாகும்.

இலங்கையிலும் 1946 இல் நகர, நாட்டுப்புறத் திட்டமிடலுக்கெனக் கட்டளைச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சட்டம் எந்நாட்டினதாயினும், நகல் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் அச்சில வாரங்களே முக்கியமானவை. அப்போது அதனைப் படித்துத் தம் கருத்தை எழுதியவரின் முற்றத்துக்கு வெயில் கிடைக்க வழியுண்டு. சுவர் எழுந்தபின் முறையிடுபவருக்கு அவ்வழி அரிது.