சுஜான்பூர் பள்ளியிலிருந்து சூலூர் வரை: விங் கமாண்டர் நமன்ஷ் சியால்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

2025 நவம்பர் 21. துபாய் விமானக் கண்காட்சியோட கடைசி நாள். அல் மக்தூம் விமான நிலையத்தில் சாகசம் காட்டிக்கொண்டிருந்த நம் நாட்டு தேஜஸ் போர் விமானம் தரையில் விழுந்து எரிந்தது. அதை ஓட்டிய விங் கமாண்டர் நமன்ஷ் சியால் வீரமரணம் அடைந்தார்.

அவர் பிறந்தது இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டம். பணியாற்றியது நம்ம கோவை பக்கத்து சூலூர் விமானப்படைத் தளம். வயது முப்பதுகளில். ஏறக்குறைய என் வயசு தான்.

அவர் படித்தது சுஜான்பூர் டீரா சைனிக் பள்ளி. இந்த "சைனிக் பள்ளி" எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில், 1922ல், டேராடூனில் ஒரு ராணுவக் கல்லூரி தொடங்கினாங்க. இந்தியப் பையன்களை அதிகாரிகளாக்க அமைந்த பள்ளி அது. ஆனா அங்கே இடம் கிடைத்தது கொஞ்சம் பேருக்குத்தான். சுதந்திரத்துக்கு அப்புறமும் ராணுவ அதிகாரின்னா குறிப்பிட்ட சில பகுதி, வசதியான சில குடும்பங்கள்னுதான் இருந்தது.

இதை மாற்ற, பாதுகாப்புத் துறை அமைச்சர் வி.கே.கிருஷ்ண மேனன் காலத்தில், 1961ல் சைனிக் பள்ளிகள் பிறந்தன. விவசாயி வீட்டுப் பிள்ளையும், வாத்தியார் வீட்டுப் பிள்ளையும் தேர்வு எழுதி உள்ளே வரலாம். அடுத்த ஆண்டே, 1962ல், காமராஜர் முதல்வராக இருந்தபோது, உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் நம்ம தமிழ்நாட்டுக்கு ஒரு பள்ளி வந்தது. நமன்ஷ் படித்த சுஜான்பூர் பள்ளி 1978ல் தொடங்கியது.

ஆறாம் வகுப்பில் பத்து, பதினொரு வயதுப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போகிறான். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன் தான் அண்ணன், தம்பி எல்லாம். அதனால்தான் இப்படி ஒரு மரணச் செய்தி வரும்போது பள்ளித் தோழர்களுக்கு அது கூடப் பிறந்தவனை இழந்த மாதிரி இருக்கும்.

அடுத்து அந்த விமானம். தேஜஸ் திட்டம் 1983ல் தொடங்கியது. முதன்முதலில் வானம் ஏறியது 2001 ஜனவரி 4. இடைப்பட்ட காலத்தில் டி.ஆர்.டி.ஓ.வின் தலைவராக இருந்தவர் நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அய்யா. இளம் வயதில் அவருக்கு விமானி ஆகணும்னு தான் ஆசை. டேராடூன் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தாங்க. அய்யாவுக்கு ஒன்பதாவது இடம். தேஜஸின் முதல் படைப்பிரிவு 2016ல் உருவாகி, பிறகு சூலூருக்கு வந்தது.

இப்போ மருத்துவராக ஒரு விஷயம் சொல்றேன்.

சாகசம் பார்க்கும்போது நாம விமானத்தைத்தான் பார்க்கிறோம். உள்ளே உட்கார்ந்திருக்கிற உடம்பை யாரும் நினைக்கிறதில்லை.

தேஜஸ் மாதிரி விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விமானி மீது புவியீர்ப்பைப் போல எட்டு மடங்கு வரை விசை விழும். 70 கிலோ ஆள் அந்த நொடிகளில் 560 கிலோ கனப்பார். ரத்தம் எல்லாம் காலை நோக்கி இறங்கும். இதயத்தால் மூளைக்கு ரத்தத்தை மேலே தள்ள முடியாது. முதலில் பார்வை மங்கும், பிறகு இருட்டும், அதையும் தாண்டினால் நினைவு போகும். பயிற்சி இல்லாத நம்மைப் போன்றவர்கள் பலருக்கு நான்கு, ஐந்து மடங்கிலேயே இது நடந்துவிடும்.

இதைத் தாங்கத்தான் கால், வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் காற்றழுத்த உடை. அதோடு கால் தசை, வயிற்றுத் தசையை முறுக்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விடும் ஒரு தனிப் பயிற்சி. பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் ராட்டினம் மாதிரி சுழலும் இயந்திரத்தில் உட்கார வைத்து இதைப் பழக்குகிறார்கள். கண்காட்சியில் இதையெல்லாம் தரைக்கு மிக அருகில் செய்யணும். தவறினால் திருத்திக்கொள்ள உயரமும் இல்லை, நேரமும் இல்லை.

துபாயில் இதுதான் நடந்ததுன்னு நான் சொல்லவில்லை. விபத்துக்கான காரணத்தை விசாரிக்க விமானப்படை விசாரணைக் குழு அமைத்தது. சொல்ல வேண்டியது அவர்கள் தான்.

ஆனா நம்ம சமூக வலைதளத்தில் என்ன நடந்தது? விபத்துக்கு முன்பே "தேஜஸில் எண்ணெய் ஒழுகுது" என்று ஒரு காணொளி சுற்றியது. அது எண்ணெய் இல்லை, ஈரப்பதத்தால் சேரும் தண்ணீரை வழக்கமாக வெளியேற்றுவதுதான் என்று மத்திய அரசு விளக்கம் தந்தது. விபத்து நடந்த சில மணி நேரத்திலேயே ஆளுக்கொரு தீர்ப்பு. சிலர் விமானத்தைக் குறை சொன்னார்கள், சிலர் இறந்தவரையே குறை சொன்னார்கள்.

மருத்துவத்திலும் இதே பாடம் உண்டு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்கிறோம். யாரைத் தூக்கில் போடலாம்னு இல்லை, அடுத்த தாயை எப்படிக் காப்பாற்றலாம்னு. தாமதம் எங்கே, ரத்தம் எப்போ வந்தது, வண்டி எப்போ கிளம்பியதுன்னு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டால் அடுத்த உயிரைக் காப்பாற்றும் பாடம் கிடைக்காது. விமான விபத்துக்கும் அதே தான்.

துபாயில் அன்று கண்காட்சி தொடர்ந்தது. ஆனால் அமெரிக்காவின் எஃப்-16 சாகசக் குழு, அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மரியாதையாகத் தங்கள் கடைசி நிகழ்ச்சியை ரத்து செய்தது. அதன் தலைவர் மேஜர் டெய்லர் ஹைஸ்டர் இதை வெளிப்படையாக எழுதினார். நாடு வேறு, சீருடை வேறு. ஆனா அந்த இருக்கையில் உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நவம்பர் 23ல் அவர் உடல் முதலில் சூலூருக்கு வந்தது. மரியாதை செலுத்தப்பட்ட பிறகு காங்க்ராவுக்குச் சென்றது. அவரது மனைவியும் விமானப்படை அதிகாரி. சீருடையில் நின்று கணவருக்குக் கடைசி சல்யூட் வைத்தார்.

நம்ம ஊர் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து தளத்து ஹெலிகாப்டர் பறந்தால் அண்ணாந்து பார்க்கிற பிள்ளைகள் நம்ம மாவட்டத்தில் நிறைய. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு ஒவ்வொரு வருஷமும் நடக்குது. இப்போ பெண் பிள்ளைகளும் எழுதலாம். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் எத்தனை பேருக்கு இது தெரியும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுங்க.

ஆபத்து இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. அது தெரிஞ்சேதான் அவர்கள் அந்த இருக்கையில் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் போகும்போது, காரணம் தெரியும்வரை வாயை அடக்கி, தலையைத் தாழ்த்துவது நாம செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

விங் கமாண்டர் நமன்ஷ் சியாலுக்கு வீரவணக்கம்.


அரசு மருத்துவர்,
முதுகுளத்தூர்